திரும்பி வந்த குடம்

முதல் வீடியோவை நான் வெட்டவில்லை.
எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ எடுத்தது, ஆடி ஆடி.
வில்லாபுரத்தில் எங்கள் சந்து.
முன் ஆறு வீடுகளுக்கு ஊற்றிவிட்டுத்
தண்ணீர் லாரி நகர,
நாகஜோதி குடத்தை எறிகிறாள்.
டேங்கின் முதுகில் பட்டு
ரோஸ் நிறக் குடம்
ஒரு சுற்றுச் சுற்றி
அவள் கைக்கே திரும்பி வருகிறது.
பிடித்த கையோடு
"எடுபட்ட பயலே, நில்லுடா!" என்கிறாள்.
அவ்வளவுதான். பதினொரு நொடி.
விடிவதற்குள் பதினான்கு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.
விடிந்தபோது அவள் பெயர் கொடத்தக்கா.

பிறகுதான் நான் வந்தேன்.
மாவுமில்லுக்கு மேலே வாடகை அறை,
தவணைக்கு எடுத்த கம்ப்யூட்டர்,
கீபோர்டு இடுக்கெல்லாம் மிளகாய்த்தூள்.
மூணாவது நொடிக்குள்ள திட்டு விழணும்க்கா,
இல்லேன்னா கட்டைவிரல்
நம்மளத் தள்ளிட்டுப் போயிரும் என்றேன்.
மூச்சு வாங்குவதை வெட்டினேன்.
யோசிப்பதை வெட்டினேன்.
சிரித்துத் தொலைத்தால்
முழுசாக வெட்டினேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள்,
கோபமே வராத பொம்பளை.
பஸ்ஸில் காலை மிதித்தவனிடம்
"பரவால்லய்யா" என்கிற ரகம்.
கேமரா முன்னால் கண்ணை மூடி,
சீட்டுப் பணத்தைச் சுருட்டிய நாத்தனாரை
நினைத்து நினைத்து முகம் சிவக்க வைத்து
"ம், எடுப்பா" என்பாள்.
அந்த ஒரு நாத்தனாரை வைத்தே
நூற்று நாற்பது வீடியோ ஓட்டினோம்.

கோபத்துக்கு விலை வந்தது.
மசாலாப் பொடிக்கு எட்டாயிரம்.
திருமங்கலத்தில் செல்போன் கடை திறக்கப்
பதினைந்தாயிரம், போகவர கார்,
கையில் கண்டிப்பாகக் குடம்.
பிளாஸ்டிக் கம்பெனிக்காரர் இருபது குடம் அனுப்பினார்.
எறிந்ததில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.
கயிறு கட்டி இழுத்தோம்,
கயிற்றை நான் அழித்தேன்.
ஏஜென்சிப் பையன் ஒருத்தன்
பெண் கோபத்தில் எரிந்த ஊர் என்று
கேப்ஷன் வைக்கச் சொன்னான்.
தம்பி, அதை இட்லிக் கடைக்காரர் வரைக்கும்
வைத்தாயிற்று என்றேன்.

லாரி ஓட்டிய காசிமாயனுக்கு
வீடியோ வந்த மறுவாரமே வேலை போயிருந்தது.
விசாரித்து விசாரித்து
செக்கானூரணியில் மாமனார் வீட்டில்
அவரைக் கண்டுபிடித்தது அவள்தான்.
இப்போது அவர்தான் எங்கள் டிரைவர்.
காரை நிஜமாக ஓட்டுவார்,
லாரியைப் பொய்யாக.
நாளுக்கு எழுநூறு, மதியச் சாப்பாடு.
திட்டு வாங்கி முடித்ததும்
"இன்னைக்குக் காரம் பத்தலத்தா" என்பார்.
அவர் இலையில் ரசம் ஊற்றிக்கொண்டே
"நாளைக்குச் சேத்துத் திட்டுறேண்ணே" என்பாள்.

போன புதன் சாயங்காலம்
நிஜ லாரி வந்தது.
வரிசையில் கடைசி ஆள் அவள்,
ஷூட்டிங் பவுடர் கலையாமல்,
அதே ரோஸ் குடத்தோடு.
முன் ஆறு வீடு நிறைந்தது.
ஏழாவது வீட்டில் ஹோஸ் இருமியது.
புதுப் பையன் அதைச் சுருட்டத் தொடங்கினான்.

சந்து முழுக்கப் போன்கள் உயர்ந்தன,
மாடியில், கைப்பிடிச் சுவரில்,
சைக்கிள் கேரியரில் ஏறி நின்ற பொடியன்களிடம்.
நானும் உயர்த்தினேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்றாம் நொடி வந்து
போயும்விட்டது.
அவள் குடத்தை இடுப்பு மாற்றினாள்.
"தம்பி, நாளைக்காச்சும்
கடைசியில இருந்து ஊத்திட்டு வாங்கப்பா" என்றாள்.
அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

ஒவ்வொரு போனாக இறங்கியது.
"அக்கா டல்லாயிட்டாங்கடா" என்று
எவனோ சொன்னதும் பதிவாகியிருக்கிறது.

நாற்பத்தேழு நொடி.
அதில் நாத்தனார் இல்லை, கயிறு இல்லை.
லாரி ஒழுகிப்போன தடத்தில்
ஒரு கோழி தலைதூக்கித் தலைதூக்கிக் குடிக்கிறது.
அது குடித்து முடிக்கும்வரை
அவள் தாண்டாமல் நிற்கிறாள்.
எங்கே வெட்டுவதென்று தெரியாமல்
மூன்று ராத்திரியாகத் திறந்து வைத்திருக்கிறேன்.

காலை ஒன்பதுக்கு மசாலாக் கம்பெனி ஷூட்டிங்.
கீழேயிருந்து காசிமாயன் கூப்பிடுகிறார்,
காரைக் கழுவணுமாம்,
ஒரு குடம் தண்ணி கிடைக்குமா என்று.